கடல் தாண்டாத முடி

ஆறு வயதுவரை என் தலையில் கத்தி பட்டதில்லை. எனக்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால், மூன்றாவது பிழைத்தால் முதல் முடி இந்தியாவிலுள்ள குலசாமிக்கு என்று அம்மா நேர்ந்துகொண்டாள். அந்தக் கோயிலை அம்மாவும் பார்த்ததில்லை, அப்பாவும் பார்த்ததில்லை. கப்பலேறும் காலம் வரும்வரை, பையனான எனக்கு இரட்டைச் சடை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பையன்கள் காட்டுப்பூ பறித்துவந்து, “வச்சுக்க தங்கச்சி” என்று நீட்டுவார்கள்.

அப்பா இலங்கையில், ரத்தோட்டைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்தவர். ஆனாலும் நாடு சுதந்திரம் அடைந்த பிறகு, எங்களையும் இந்த நாட்டுப் பிரஜைகளாக ஏற்றுக்கொள்ளும்படி மனுப் போட வேண்டியிருந்தது. விசாரணைக்குக் குடும்பத்தோடு மாத்தளைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது.

அம்மாவின் தம்பியான என் மாமாதான் அதைப் படித்துச் சொன்னார். படித்து முடித்துவிட்டு என் சடையைப் பார்த்தார்.

“மச்சான், இந்த முடி யாருக்குன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க? இந்தியாச் சாமிக்குன்னா, அங்கயே போயிருங்கன்னு எழுதிருவாங்க.”

“சாமி குத்தமாயிரும்டா” என்றாள் அம்மா.

“மாத்தளை மாரியாத்தாளும் அங்கேருந்து வந்தவதானே அக்கா? அவ யாருக்கு மனுப் போட்டா?”

அப்பா சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. விசாரணைக்கு முந்தின நாள், மாத்தளை மாரியம்மன் கோயிலில் மாமா மடியில் உட்காரவைத்து எனக்கு மொட்டை போட்டார்கள். இனி யாரும் பூ நீட்ட மாட்டார்கள் என்ற சந்தோஷத்தில் நான் அழவே இல்லை.

விசாரித்த சிங்கள அதிகாரிக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும். அப்பா மனப்பாடம் செய்திருந்த பதில்கள் நன்றாகவே போயின. பிறகு அதிகாரியின் கண் என் தலையில் விழுந்தது. பளபளவென்ற மொட்டை, அதன்மேல் சந்தனம்.

“இது இந்தியா போய் அடிச்சதா? எப்ப திரும்பி வந்தது?”

இந்தக் கேள்விக்கு மாமா பதில் சொல்லித் தந்திருக்கவில்லை. பெயரைக் கேட்டாலே அம்மாவின் சேலைக்குள் ஒளிகிற நான், என்ன நினைத்தேனோ, வாயைத் திறந்தேன்.

“மாத்தளையில. நேத்து. மாமா மடியில.”

“அழுததா?”

“இல்ல.”

அவர் சிரித்துக்கொண்டே ஏதோ எழுதினார்.

சில மாதங்களில் பிரஜாவுரிமைப் பத்திரம் வந்தது. மருமகன்தான் கேஸை ஜெயித்தான் என்று மாமா தோட்டத்து லயத்தில் வீடுவீடாகச் சொல்லித் திரிந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா மட்டும் நெடுங்காலம், விடியலில் கொழுந்தெடுக்கப் போகுமுன் என் பாயருகே குனிந்து, நெற்றியிலும் கழுத்திலும் புறங்கையை வைத்துவிட்டுத்தான் போவாள். மொட்டைத் தலை அவளுக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று என்று நினைத்துக்கொண்டு, நான் கண்ணை மூடியபடியே கிடப்பேன். சாமி குத்தம் காய்ச்சலாய் வந்துவிட்டதா என்று அவள் தொட்டுப் பார்க்கிறாள் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.