செர்காமில் ஒரு வார்த்தை

செர்காமில் மலாக்கா பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். நிறுத்தத்தை ஒட்டிய கறிபாப் பலகாரக் கடையில் என்னையும் கடைக்கார அக்காவையும் தவிர யாரும் இல்லை. அவர் துணியால் மேசைத் தூசியைத் தட்டிவிட்டு, பலகையில் மாவைத் தூவுகிறார்.

"தம்பிக்கு இங்கிலீஷ் தெரியுமா? ஒரே வார்த்தைக்கு நேர் எதிரா ரெண்டு அர்த்தம் இருக்கணும். அந்த மாதிரி ஒண்ணு சொல்லுங்களேன்."

எதற்கு என்று கேட்கிறேன். மகள் சிங்கப்பூரில் வேலை செய்கிறாளாம். அம்மாவும் மகளும் வாட்ஸ்அப்பில் விளையாடும் விளையாட்டாம் இது.

"புதுசா அனுப்புனா உடனே கூப்பிட்டுப் பேசுவா. பழசுன்னா கட்டைவிரல் படம் மட்டும்தான் லா வரும்."

அவர் கை மாவைப் பார்த்ததும் எனக்குத் தோன்றுகிறது. "டஸ்ட். தூசியத் தட்டுறதும் டஸ்ட்தான், மாவு தூவுறதும் டஸ்ட்தான்."

கையைக்கூடக் கழுவாமல் போனை எடுத்து, அதை அப்படியே பேசி அனுப்புகிறார். கொஞ்ச நேரத்தில் போன் அடிக்கிறது. எண்ணெய்ச் சட்டியை மறந்து, சிரித்தபடி கடைக்குப் பின்னால் போகிறார். நான் அடுப்பைத் தணிக்கிறேன். பஸ் வரும்போதும் பேச்சு முடியவில்லை. சொல்லிக்கொள்ளாமல் ஏறிவிடுகிறேன்.

பஸ் நகர்ந்ததும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. லெஃப்ட். கிளம்பிப் போனாலும் லெஃப்ட், மிஞ்சி இருந்தாலும் லெஃப்ட். அக்காவின் நம்பரை நான் வாங்கவில்லை. வேறு யாருக்காவது அனுப்பலாம் என்று போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போகிறேன்.

வழியிலுள்ள உம்பாய் ஊர் வந்துவிட்டது. விரல் இன்னும் எந்தப் பெயரிலும் நிற்கவில்லை.