சம்பந்தி வண்டியின் சக்கரம்

என் மனைவியின் அண்ணனை நான் மச்சான் என்று கூப்பிடுவேன். நான் வேலை பார்த்த கம்பெனி மூடிய பிறகு, பெருங்களத்தூரில் அவர் வீட்டின் கீழ்த்தளத்தில்தான் குடியிருக்கிறோம். அவரிடம் ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டி இருக்கிறது. அதை நான்தான் ஓட்டுகிறேன். யாரும் என்னை டிரைவர் என்று சொன்னதில்லை. மாப்பிள்ளை ஓட்டுவார் என்பார்கள். டிரைவர் என்றால் லீவாவது கேட்கலாம்.

மச்சானின் மகளைக் காட்டாங்குளத்தூரில் கொடுத்திருக்கிறார்கள். அவளுக்கு வளைகாப்பு. வளையல் போட்டு முடித்ததும் அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். திரும்பும்போது ஏழு சீட்டும் நிரம்பியிருக்கும். அதற்கு இரண்டு நாள் முன்னால் மச்சான் தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். நிச்சயதார்த்தத்தன்று மண்டபத்து வாசலில் எடுத்து, பிறகு அவர் மருமகன் அனுப்பிய படம். அதில் சம்பந்தியின் வண்டி நின்றது. எங்கள் வண்டியின் அதே மாடல், சக்கரம் மட்டும் வேறு. கறுப்பாக, அகலமாக, மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தது.

“இதே வீலு வேணும் மாப்ள. அவர் வண்டி பக்கத்துல நம்ம வண்டி சோப்ளாங்கி மாதிரி நிக்குது.”

“நல்லாத்தான் இருக்கு மச்சான்,” என்றேன்.

எனக்கு ஒரு விஷயம் தெரியும். சம்பந்தி தன் வண்டிக்கு ஸ்பிரிங் மாற்றி, உடம்பை இரண்டு இஞ்ச் உயரத் தூக்கிவிட்டுத்தான் அந்தச் சக்கரத்தைப் போட்டார். தூக்காத வண்டியில் போட்டால், காலியாக ஓடும்போது ஒன்றும் தெரியாது. ஆள் நிரம்பி வண்டி அமுங்கி, ஸ்டியரிங்கையும் முழுக்க ஒடித்தால் டயர் உள்ளே உரசும். உரசி உரசி ஒருநாள் ஓரம் கிழியும்.

இதை எனக்குச் சொன்னவர் சம்பந்தியின் டிரைவர். மேலே மண்டபத்தில் தட்டு மாற்றிக்கொண்டிருந்தபோது, நான் கீழே வண்டி நிழலில் அவரோடு உட்கார்ந்திருந்தேன். கூட்டத்தில் யாரிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியாது. வண்டியை நகர்த்தச் சொல்கிறார்கள் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு இறங்கி வந்திருந்தேன். சாப்பாடும் அங்கேயேதான். “எந்த வூட்டு வண்டிண்ணா ஓட்டுறீங்க?” என்று அவர் கேட்டபோது, எங்கள் வண்டியைக் காட்டினேனே தவிர உறவைச் சொல்லவில்லை. என் மனைவிக்குக்கூட இது தெரியாது. ஆகவே நான் வாயைத் திறந்தால், உனக்கு எப்படித் தெரியும் என்றுதான் முதல் கேள்வி வரும்.

அன்றே தாம்பரத்தில் சக்கரம் மாற்றும் கடைக்குப் போனோம். கடைக்காரர் எங்கள் சக்கரத்தின் ஆறு நட்டையும் தொட்டு எண்ணினார், நடு ஓட்டையை அளந்தார். அப்படியே உட்காரும் என்றார். கண்மூடித் திறப்பதற்குள் வண்டி நான்கு ஜாக்கியின் மேல் நின்றது. கழற்றிய பழைய சக்கரங்களைக் கடைக்காரரே எடுத்துக்கொள்வார், அதுதான் அங்கே வழக்கம். அவற்றை வாங்குகிறவர் லோடு ஆட்டோவோடு வாசலில் காத்திருந்தார்.

“உள்ள இடிக்காதாண்ணா?” என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.

“இன்னா சார், நீங்க வேற பேஜார் பண்றீங்க. அதே வண்டில மாட்டிக்கினு ஒருத்தர் ஓட்டறாரு, போட்டோ கையில கீது. அதுல இடிக்காதது இதுல இடிக்குமா?”

“எங்க மாப்ள அப்படித்தான்,” என்றார் மச்சான். “சலூனுக்குப் போனாலும் காதை வெட்டிடாதேன்னுதான் முதல்ல சொல்வாரு.”

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஓட்டிப் பார்க்க மச்சானும் நானும் மட்டும் போனோம். ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டிகள் நகரவே இல்லை. முன்னால் ஒரு பஸ், பின்னால் ஒரு பஸ். ஏசி குளிரில் என் சட்டை நனைந்தது. யூ டர்ன் வந்தபோது, சத்தம் வரவேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டே ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தேன். ஒரு சத்தமும் இல்லை. “பாத்தியா, வெண்ணெ மாதிரி திரும்புது,” என்று மச்சான் என் தோளில் தட்டினார்.

கடைக்குத் திரும்பியபோது லோடு ஆட்டோவில் மூன்று சக்கரங்கள் ஏறிவிட்டன. நான்காவதை உருட்டிக்கொண்டு போனார்கள். அது ஏறிவிட்டால் அவ்வளவுதான். நாளை மறுநாள் நடுசீட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காரப் போகிறவளை நினைத்துக்கொண்டேன்.

“மச்சான், சம்பந்தி வண்டியைத் தூக்கியிருக்காங்க. அதனாலதான் அதுல இடிக்கல. நம்மளுது ஏழு பேர் ஏறினா இடிக்கும்.”

“யார் சொன்னா?”

“அவங்க டிரைவர்.”

“எப்ப?”

“நிச்சயதார்த்தத்தன்னிக்கு. தட்டு மாத்துறப்ப.”

“தட்டு மாத்துறப்ப நீ மேலல்ல இருந்த?”

அதற்குள் கடைக்காரர் மச்சானின் போனை வாங்கி, படத்தை விரல்களால் பெரிதாக்கினார். “ஆமா சார். டயருக்கு மேல எம்மாம் கேப் கீது பாருங்க. இது தூக்கின வண்டிதான்.” மச்சான் குனிந்து பார்த்தார். அவர் பார்த்தது அந்த இடைவெளியை அல்ல. சக்கரத்துக்குப் பின்னால், படத்தின் ஓரத்தில், ஒருவன் மடியில் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். முகம் இல்லை, தோள் வரைதான். அந்தச் சட்டை, அன்றைக்காக மச்சான் எனக்கு எடுத்துக் கொடுத்தது.

கடை ஆட்களை ஏற்றி ஏழு சீட்டையும் நிரப்பி, கடைவாசலிலேயே ஒடித்துப் பார்த்தோம். கர்ர் என்று ஒரு சத்தம். பழைய சக்கரங்கள் ஆட்டோவிலிருந்து இறங்கின. வீடு வரும்வரை மச்சான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

வளைகாப்பன்று காட்டாங்குளத்தூரில் வண்டியை நிறுத்தினேன். எல்லோரும் இறங்கினார்கள். மச்சான் மட்டும் சுற்றி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

“எறங்கு.”

“நீங்க போங்க மச்சான், வண்டியை ஓரமா...”

“எறங்குன்னேன்.”

மணிக்கட்டைப் பிடித்து மாடிக்கு அழைத்துப் போனார். முதல் வரிசையில் தனக்கும் சம்பந்திக்கும் நடுவில் உட்காரவைத்து, “என் தங்கச்சி வீட்டுக்காரர்” என்றார். சம்பந்தி கும்பிட்டார். நான் கும்பிட்டேன். அதற்கு மேல் என்ன பேசுவது என்று தெரியவில்லை. வளையல் சத்தமும் சந்தன வாசனையும் நெருக்கிக்கொண்டு வந்தன. பக்கத்து ஜன்னல் வழியே பார்த்தால் கீழே இரண்டு வண்டிகளும் அருகருகே நின்றன. நிழலில் அந்த டிரைவர் தனியாக உட்கார்ந்து, வருகிறவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத்தான் தேடினாரோ என்னவோ. எழுந்து போகலாம் என்று நினைத்தேன். மச்சானின் கை இன்னும் என் மணிக்கட்டில்தான் இருந்தது.