ஒற்றை பூட்ஸ் சத்தம்

எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. இது நடந்தது நள்ளிரவிலும் அல்ல. 1928 நவம்பர், சனிக்கிழமைப் பிற்பகல். வெளியே எட்டாயிரம் பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். என் கண் பார்த்ததைச் சொல்கிறேன்.

என் பெயர் வில்ஃப். பிராட்கிளஃப் கால்பந்து அணியில் அடிபட்டவர்களுக்குக் கட்டுப்போடுகிறவன். எங்கள் மேனேஜர் ஜேபஸ் ஹார்காசிலும் நானும் அதே அணியில் பன்னிரண்டு வருடம் சேர்ந்து ஆடியவர்கள். நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து நேராக மைதானத்துக்கு வந்த ஆள் அவன். தடுப்பாட்டத்தில் எமன். மூன்று பேரின் காலை உடைத்திருக்கிறான். அந்தப் பெயர்தான் பின்னாளில் அவனை மேனேஜர் நாற்காலியில் உட்கார வைத்தது.

அன்று இடைவேளையில் ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். எதிரணியில் செம்பட்டைத் தலையன் ஒருவன் காற்றாய்ப் பறந்தான். ஜேபஸ் எங்கள் ஆட்டக்காரன் நெட்டின் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாய்த்தான்.

"அந்தச் செம்பட்டையன் இனிமே ஓடக்கூடாது."

"கால் ஒடிஞ்சிடும், மேனேஜர்."

"ஒடிக்கத்தாண்டா சொல்றேன்! பந்து போனா போகட்டும். ஆள் போகக்கூடாது."

மணி 3.21. எல்லோரும் வெளியே போனார்கள். உடைமாற்றும் அறையில் நானும் ஜேபஸும் மட்டும்.

தப்...

குளியலறைப் பக்கம்.

"எவன்டா இன்னும் உள்ள?" என்றான் ஜேபஸ்.

எட்டிப் பார்த்தேன். வெந்நீர்த் தொட்டி. நீராவி. ஆள் இல்லை.

தப்...

பூட்ஸ் சத்தம். ஆனால் அடுத்த கால் ஊன்றும் சத்தம் வரவில்லை. மறுபடியும் அதே கால்...

தப்...

3.24. துடைத்த தரையில் ஒரு சேற்றுத் தடம் விழுந்தது. என் கண்ணெதிரே. இடது கால். இரண்டு முழம் தள்ளி இன்னொன்று. அதுவும் இடது.

"வில்ஃப்... கதவத் திற."

தாழ்ப்பாள் அசையவில்லை.

தடங்கள் ஜேபஸுக்கு முன்னால் வந்து நின்றன.

3.26.

படீர்!

முழங்காலுக்குக் கீழே அவன் கால் பக்கவாட்டில் மடங்கியது. எலும்பு துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. ரத்தம் என் முகத்தில் அடித்தது.

மறுபடி. அதே இடத்தில்.

மறுபடி.

அவனை இழுத்தேன். ஏதோ ஒன்று என் கையை உரசிப் போனது. ஈரமான பூட்ஸ் தோல்...

"போதும்!" என்று கத்தினேன்.

நின்றது.

கதவு தானாகத் திறந்துகொண்டது.

ஜேபஸின் காலை அன்றிரவே வெட்டி எடுத்தார்கள். வழுக்கி விழுந்தான் என்று எல்லோரிடமும் சொன்னேன். ஆனால் என் நெஞ்சுக்குள் ஒரு பெயர் உறுத்தியது. ஐசக் திரெல்ஃபால். 1911-ல் ஜேபஸ் உடைத்த கால்களில் ஒன்று அவனுடைய இடது கால். சீழ் பிடித்து, தொடையோடு எடுத்தார்கள். "ஜேபஸ் பந்தைத்தான் உதைச்சான்" என்று விசாரணையில் சத்தியம் செய்தவன் நான்.

நான்காம் நாள், முப்பது மைல் தள்ளியிருந்த அவன் வீட்டுக்குப் போனேன். ஐசக் உயிரோடுதான் இருந்தான். செருப்புத் தைத்துக்கொண்டிருந்தான். நான் வாய் திறக்குமுன் அவனே பேசினான்.

"இல்லாத அந்தக் கால் பதினேழு வருஷமா வலிச்சு உயிரை எடுத்துச்சு வில்ஃப். போன சனிக்கிழமை சட்டுனு நின்னுடுச்சு. மூணு இருபத்தாறு. என் பொண்டாட்டி கடிகாரத்தப் பாத்தா."

"நல்லதுதானேப்பா?"

கால் இல்லாத இடத்தைக் குனிந்து பார்த்தான்.

"அன்னைலேருந்து பாதம் ஈரமாவே இருக்குடா. வெதுவெதுன்னு... பிசுபிசுன்னு."