மழைக்கு எட்டு றாத்தல்

எங்கள் பெரியப்பாவின் உடம்பிலிருந்து எட்டு றாத்தல் எடையை வாயால் சொல்லியே குறைத்தவள் நான். அப்போது எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. இலங்கை மலையகத்தில் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. கழித்தல் கணக்கில் என்னை மிஞ்ச அங்கே ஆளில்லை. இந்தக் கதைக்கு அது முக்கியம்.

பெரியப்பா அப்பாவின் அண்ணன். கொழுந்துக் கங்காணி. பெண்கள் பறித்துவரும் கொழுந்தை மடுவத்தில் நிறுத்துச் சொல்வது அவர் பொறுப்பு. மடுவம் என்பது மலையடியில் நாலு பக்கமும் திறந்து கிடக்கும் தகரக் கொட்டகைதான். நடுவிலே உத்தரத்தில் ஒரு கொக்கித் தராசு தொங்கும். பெரியப்பா எடையைச் சொல்ல, கணக்கப்பிள்ளை கூலிப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். தராசு காட்டியதை அப்படியே சொல்கிற வழக்கம் எங்கள் தோட்டத்தில் இல்லை. கூடைக்கு இரண்டு றாத்தல் கழிவு. அது நியாயம், கூடைக்கும் எடை உண்டல்லவா. மழை நாள் என்றால் இலையில் தண்ணீர் இருக்குமென்று இன்னும் நாலு றாத்தல் போகும். "இருபத்தாறு" என்று பெரியப்பா வாய்க்குள் முனகுவார். பிறகு உரக்க, "கூடைக்கு ரெண்டு, மழைக்கு நாலு, இருவது" என்பார்.

பக்கத்து வீட்டு அத்தை ஒரு நாள் கேட்டே விட்டாள்.

"நல்லா ஒதறிட்டுத்தாங்க கொண்டாந்தேன் கங்காணி. சொட்டுத் தண்ணி இல்லீங்க."

"மழ நாளுன்னா மழ நாளுதான். அடுத்த கூட வரட்டும்."

அம்மாவும் அந்த வரிசையில்தான் நிற்பாள். கணவனின் அண்ணன் எதிரில் அவள் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. சொன்ன எடையைக் கேட்டுக்கொண்டு வெற்றுக் கூடையோடு நகர்ந்துவிடுவாள். பள்ளிக்கூடம் விட்டதும் அவளுக்காக மடுவத்தில் காத்திருந்து காத்திருந்து, நிறுப்பது என்றால் இப்படித்தான் என்று நான் கற்றுக்கொண்டேன். யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இனி பெரியப்பாவின் வயிறு. அவர் ஒரு வாசலில் நுழைந்தால் முதலில் வருவது அதுதான். அடுத்து வருவது சுருட்டுப் புகை, அதற்கப்புறம் இருமல், கடைசியாகத்தான் அவர் வருவார். அப்படி இருமி இருமித்தான் ஒரு வருஷம் தொப்புளுக்கு மேலே எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு வந்தது. குடலிறக்கம் என்றார்கள். படுத்தால் உள்ளே போகும், இருமினால் வெளியே எட்டிப் பார்க்கும். பெரியப்பா பெரியம்மாவின் பழைய சேலையைக் கிழித்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல மலை ஏறினார்.

மாசி மாதத்தில் ஒரு முற்பகல் அது உள்ளே போக மறுத்துவிட்டது. நாங்கள் எல்லாரும் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்து வாசலில் பெரியப்பா சுருண்டு கிடந்தார். அவ்வளவு பெரிய மனிதர் அழுததை அன்றுதான் பார்த்தேன், எனக்கும் அழுகை வந்துவிட்டது. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா ஓடிவந்து, அவரை மல்லாக்கப் படுக்கவைத்து, காலைத் தூக்கிப்பிடித்து, மெல்ல மெல்ல அழுத்தி எப்படியோ உள்ளே அனுப்பினார். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"இன்னைக்குப் போயிருச்சு. இன்னொரு நாளைக்குப் போகாது. குடல் சிக்கிக்கிட்டா உசிரு தங்காது கங்காணி. ஆப்பரேசன் பண்ணித்தான் ஆகணும்."

அப்பா பெரியப்பாவை டவுனிலிருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். போன வேகத்தில் திரும்பிவந்தார்கள். ஆப்பரேசன் செய்கிற டாக்டர் சிங்களவர். தட்டுத்தடுமாறித் தமிழ் பேசினாராம். அப்பா வீட்டில் அதை நடித்துக் காட்டுவார், ஆனால் தமிழ் மட்டும் அப்பாவுடையதாகவே இருக்கும்.

"இவ்வளவு கொழுப்புக்கு நடுவுல தச்சா தையல் நிக்காது. சுருட்டக் குடிச்சா இருமுவீங்க, இருமினா தையல் பிரியும், புண்ணும் லேசுல ஆறாது. மயக்க மருந்தையும் நெஞ்சு தாங்காது. எளைச்சு வாங்க, சுருட்ட விட்டுட்டு வாங்க, வெட்டுறேன்."

ஆஸ்பத்திரித் தராசில் பெரியப்பா இருநூற்றுப் பதினாலு றாத்தல் இருந்தார். நூற்றெண்பதுக்குக் கீழே இறங்கினால்தான் கத்தி எடுப்பேன் என்றுவிட்டார் டாக்டர்.

டிஸ்பென்சரியில் இருந்தது கைக்குழந்தைகளை நிறுக்கும் தராசு. அதில் பெரியப்பாவின் ஒரு காலைத்தான் வைக்கலாம். மிச்சம் இருந்தது மடுவத்துத் தராசு. ஆனால் கணக்கப்பிள்ளைக்குத் தெரிந்தால் தோட்டம் முழுக்கச் சிரிக்குமே என்று பெரியப்பாவுக்கு வெட்கம். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில், மடுவத்தில் ஒருவரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனோம். கொழுந்துச் சாக்கைத் தூளிபோலக் கொக்கியில் மாட்டி, பெரியப்பாவை ஒரு தேயிலைப் பெட்டிமேல் ஏற்றிச் சாக்குக்குள் உட்காரவைத்து, அப்பா பெட்டியை இழுத்துவிடுவார். பெரியப்பா தொங்குவார். தொங்குகிறவருக்குத் தலைக்குமேல் இருக்கிற முள் தெரியாது. அப்பாவுக்கு எழுத்தும் எண்ணும் படிக்கத் தெரியாது. ஆகவே படிப்பது நான்.

எனக்கு எவ்வளவு பெருமை என்று சொல்லி முடியாது. முள்ளைப் பார்த்தேன். பெரியப்பாவின் குரலையே வரவழைத்துக்கொண்டேன். எப்படிப் பார்த்தாலும் பெரியப்பா இரண்டு கூடைக்குக் குறையமாட்டார். ஆகவே சாக்குக்கு இரண்டுக்குப் பதில் நாலு. அதை மனசுக்குள்ளேயே கழித்துவிட்டு விடையை மட்டும் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அப்படித்தான் செய்யச் சொல்லியிருந்தார்.

அந்தத் தடித்த சாக்கு உண்மையிலேயே நாலு றாத்தல் இருந்ததால் அப்போதைக்கு ஒரு தப்பும் வரவில்லை. வெயில் காலம் முழுக்கப் பெரியப்பா நிஜமாகவே இளைத்தார். பெரியம்மா மூன்று ரொட்டியை ஒன்றாக்கினாள், தேங்காய்ச் சம்பலைக் கண்ணில் காட்டவில்லை. கீரையைக் கண்டாலே பெரியப்பாவின் முகம் சுண்டிப்போகும். சுருட்டுக்கட்டைப் பெரியம்மா அரிசிப் பானைக்குள் புதைத்துவைத்தாள். பெரியப்பா அதைத் தேடி வீட்டையே கவிழ்த்தார், பாவம், அரிசியை மட்டும் அவருக்குத் தோண்டத் தோன்றவில்லை.

வைகாசி கடைசியில் மழை பிடித்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா குடை பிடித்துக்கொண்டு, மேலே ஒரு துளி படாமல் மடுவத்துக்கு வந்தார். ஆனாலும் மழை மழைதானே. கூடைக்கு நாலு என்றால் பெரியப்பாவுக்கு எட்டு. கழித்துச் சொன்னேன்.

"ஒரே வாரத்துல ஒம்பது றாத்தலா?" அப்பா வாயைப் பிளந்தார்.

"பின்ன, சும்மாவா? கீரடா, கீரை," என்றார் பெரியப்பா, சாக்குக்குள்ளிருந்து.

அன்றிலிருந்து அவருக்குத் துளிர்விட்டுப்போயிற்று. எடைதான் தானாகக் குறைகிறதே. ஒரு ரொட்டி மெல்ல இரண்டாயிற்று. மலையில் பனி விலகிய நேரத்திலும் ஏதாவதொரு தேயிலைச் செடிக்குப் பின்னாலிருந்து மட்டும் புகை எழும்பும். பெண்கள் பார்ப்பார்கள், பார்க்காததுபோல் பறிப்பார்கள். கங்காணியிடம் போய் யார் சொல்வது?

ஆடி மாதம் கொட்டுகிற மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் "நூத்தி எழுவத்தெட்டு" என்று அறிவித்தேன். அப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். மறுநாளே பெரியப்பா துணிமூட்டையோடு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார். பெரியம்மா திருநீறு பூசிவிட்டாள், லயமே வந்து வழியனுப்பியது. சாயந்தரம் ஏழு மணிக்குக் கடைசி பஸ்ஸில் அதே மூட்டையோடு வந்து இறங்கினார்.

ஆஸ்பத்திரித் தராசு நூற்றெண்பத்தாறு காட்டியதாம். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, பெரியப்பாவின் விரலை முகர்ந்து பார்த்துவிட்டு, கதவைக் காட்டினாராம்.

"அந்தத் தராசு பொய்த் தராசு," என்று பெரியப்பா ராத்திரிச் சாப்பாடுவரை கத்தினார். கோபத்தில் வெட்கம் பறந்துவிட்டது. மறுநாள் மத்தியானம், பெண்கள் எல்லாரும் நனைந்த கம்பளிகளோடு மடுவத்தில் வரிசையாய் நிற்கும்போது, சாக்கை மாட்டச் சொல்லி அவரே ஏறி உட்கார்ந்தார். அப்பா பெட்டியை இழுத்தார். மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"கணக்கப்பிள்ள ஐயா, நீங்களே பாத்துச் சொல்லுங்க."

கணக்கப்பிள்ளை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "நூத்தித் தொண்ணூறு. சாக்குக்கு நாலு போனா நூத்தி எம்பத்தாறு."

"தப்புங்க ஐயா," என்று நான் முன்னால் போனேன். "நூத்தி எழுவத்தெட்டு."

"எப்படிப் புள்ள?"

பெரியவர் ஒருவருக்குக் கழித்தல் சொல்லிக்கொடுக்கும் வாய்ப்பு தினமும் கிடைக்குமா? "சாக்குக்கு நாலு, மழைக்கு எட்டுங்க ஐயா" என்றேன், கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி.

பெரியப்பா சாக்குக்குள்ளிருந்து என் பக்கம் திரும்ப முயன்று, முடியாமல் ஒரு சுற்றுச் சுற்றினார்.

"மழ என் மேல எங்கடி பேஞ்சுச்சு? கொட புடிச்சிட்டுத்தானே வந்தேன்?"

"மழ நாளுன்னா மழ நாளுதானுங்களே பெரியப்பா."

முதலில் சிரித்தது பக்கத்து வீட்டு அத்தை. கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். பிறகு வரிசை முழுவதும் பற்றிக்கொண்டது. கணக்கப்பிள்ளை புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். அம்மாவைப் பார்த்தேன். கண்ணிலிருந்து நீர் வழிய, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பெரியப்பா தொங்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார், இறங்குவதற்குப் பெட்டி வேண்டுமே. அப்பா அதன்மேல் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். கடைசியில் பெரியப்பாவுக்கே சிரிப்பு வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "எறக்குங்கடா, குடல் வெளிய வந்துரும்" என்று கெஞ்சினார்.

அதற்குப் பிறகு அவரால் தப்பமுடியவில்லை. செடிக்குப் பின்னால் புகை எழுந்தால் மலையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பெண்கள் இருமிக் காட்டினார்கள். பெரியம்மா அரிசிப் பானையிலிருந்த சுருட்டுகளை அடுப்பில் போட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கணக்கப்பிள்ளையே வந்து முள்ளைப் படித்தார். என் உத்தியோகம் போயிற்று, அதில் எனக்கு ரொம்ப வருத்தம். புரட்டாசியில் பெரியப்பா நூற்றெழுபத்தேழுக்கு வந்தார். டாக்டர் சொன்னபடி வெட்டித் தைத்தார். பத்து நாள் கழித்துப் பெரியப்பா தொளதொளத்த சட்டையோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார். இருமல் இல்லை. வயிற்றில் ஒரு விரல் நீளத்துக்குத் தழும்பு இருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் சட்டையைத் தூக்கிக் காட்டினார்.

மலையேறக் கூடாது என்றாலும் நிறுக்கலாம் என்று கார்த்திகையில் மடுவத்துக்கு வந்தார். அன்றைக்கும் நல்ல மழை. முதல் கூடை அம்மாவுடையது. பெரியப்பா முள்ளைப் பார்த்தார். "இருபத்தெட்டு" என்று முனகினார். "கூடைக்கு ரெண்டு" என்றார் உரக்க. அப்புறம் வாயைத் திறந்தவர் அப்படியே நின்றார். என்னைப் பார்த்தார், அம்மாவின் கூடையைப் பார்த்தார், தன் வயிற்றைத் தடவிக்கொண்டார்.

"இருபத்தாறு," என்றார்.

கணக்கப்பிள்ளை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினார். பாவம், ஆஸ்பத்திரியில் கொடுத்த மயக்க மருந்தில் பெரியப்பாவுக்குக் கணக்கு மறந்துபோயிற்று என்று நினைத்தேன். அவருக்கு நானாவது உதவவேண்டாமா?

"பெரியப்பா, மழைக்கு நாலு கழிக்கலீங்களே," என்றேன்.

அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு மூன்று நாள் கன்றியிருந்தது. கழித்தலில் தோட்டத்திலேயே முதல் ஆள் நான். சரியான கணக்கைச் சொன்னதற்கு ஏன் கிள்ளினாள் என்பதுதான் எனக்கு விளங்கவே இல்லை.