விளிம்பு வரை எழுதியவள்

ஐம்பத்தாறு வயதில் தையல் பயிற்சிக்குப் போகச் சொல்லி ஆபீஸ் உத்தரவு வந்ததும் பைண்டருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. முப்பது வருஷமாகப் பழைய பதிவேடுகளுக்கு அட்டை கட்டுகிறவர். தாள்களை அடுக்கி, இடது ஓரத்தில் துளை போட்டு, சணல் நூலால் இறுக்கி, மற்ற மூன்று பக்கத்தையும் வெட்டு மிஷினில் கொடுத்து எடுத்தால் கட்டு செங்கல் மாதிரி நிற்கும். அதைப் பிரித்துப் படிக்க முடிகிறதா என்பது அவர் கவலையில்லை. பைண்டிங்குக்கு வரும் தாளைப் படிக்கக் கூடாது என்பது அந்த ஆபீசில் கண்டிப்பான விதி. அந்த ஒரு விதியை மட்டும் மனிதர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

"எனக்கே தைக்கக் கத்துக் குடுக்கப் போறாங்களாம்!" என்று பொருமினார்.

"போய்த்தான் பாருங்களேன்" என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

பயிற்சி, பெரிய நூலகத்தின் பின்கட்டில். சொல்லிக்கொடுத்தவளுக்கு அவர் மகள் வயதுகூட இருக்காது. ஓரத்தில் குத்தாமல், தாளின் மடிப்புக்குள்ளேயே ஊசியை விட்டு, மரச்சட்டத்தில் விறைப்பாகக் கட்டிய நாடாக்களைச் சுற்றித் தைக்கிற முறை அது. ஒற்றைத் தாளாக இருந்தால், வெங்காயத் தோல் போன்ற காகிதப் பட்டையை மாவுப் பசையால் ஒட்டி இரண்டிரண்டாக இணைத்து மடிப்பு உண்டாக்க வேண்டும். முதல் நாள் அவர் இழுத்த இழுப்பில் மூன்று தாள் கிழிந்தது.

"சார், அது மாடு கட்டுற கயிறு இல்ல. மெதுவா."

மூன்றாவது வாரம் கை படிந்தது. அப்படித் தைத்த புத்தகம் தானாகவே விரிந்து படுத்ததைப் பார்த்து மனிதர் சின்னப் பிள்ளைபோலச் சிரித்தார். வீட்டிலிருந்து ஒரு பழைய கட்டைக் கொண்டுவரச் சொன்னபோது மனைவியின் கட்டுதான் ஞாபகம் வந்தது.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆபீசில் கழித்துப் போட்ட தாள்களின் வெற்றுப் பக்கங்களில் அவள் ஏதோ எழுதிவந்தாள். நூற்றுச் சொச்சம் தாள் சேர்ந்ததும், "பத்திரமா இருக்கணும், தைச்சுத் தாங்க" என்று கொடுத்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அரை மணியில் முடித்துவிட்டார். அவள் நாலு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு மூடினாள். "கெட்டியா இருக்கு" என்றாள். அதைப் பாராட்டு என்று இத்தனை வருஷமாக நெஞ்சில் வைத்திருக்கிறாரே, அதை என்னவென்று சொல்வது! அதன்பிறகு அவள் எழுதவில்லை. வீட்டு வேலை கூடிப்போச்சு என்று நினைத்துக்கொண்டார்.

பயிற்சி அறையில் சணலை அறுத்து, காய்ந்த கோந்தைச் சுரண்டி, தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். கட்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்த வரிகளின் முதல் சொற்கள் வெளியே வந்தன. முதல் தடவையாகப் படித்தார். வரிக்கு வரி ஒரு சொல் குறைந்தது; அவசரத்தில் விட்டிருப்பாள் என்று ஊகித்துக்கொண்டே போனார். ஊர் ஊராகப் போய்க் கடிகாரம் பழுதுபார்க்கிற ஒருத்தியின் கதை. குறட்டை விடும் கணவன் ஒருவன் வந்தான். யாரென்று தெரிந்துபோய் வெட்கப்பட்டார். ஐம்பதாவது தாளுக்கு வந்தார். 'ஜன்னலைத் திறந்தாள். வாசலில் நிற்பது' என்று ஒரு வரி. அடுத்த வரி, 'தான் என்று தெரிந்ததும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.'

யார் நின்றது? வலது ஓரத்தைப் பார்த்தார். முந்தின தாள், பிந்தின தாள், எல்லாவற்றையும் பார்த்தார். தாளை வீணாக்கக் கூடாதென்று அவள் விளிம்பு வரை எழுதியிருக்கிறாள். ஓரம் ஒழுங்காக இருக்கட்டுமென்று இவர் ஒரு விரல் அகலம் வெட்டித் தள்ளியிருக்கிறார். ஒவ்வொரு வரியிலும் கடைசிச் சொல் போயிருந்தது. தாளைச் சொல்லிக்கொடுப்பவளிடம் எடுத்துக்கொண்டு போனார்.

"வெட்டினதுக்கு என்ன வழி மேடம்?"

"மறைஞ்சத எடுத்துடலாம் சார். வெட்டினது போனதுதான்."

ஆனாலும் விடவில்லை. ஒவ்வொரு தாளின் வலது ஓரத்திலும் வெற்றுப் பட்டை ஒட்டி, சொல் எழுத இடம் விட்டுத் தைத்தார். வாழ்நாளில் அவ்வளவு அழகாக எதையும் தைத்ததில்லை. சாயங்காலம் வீட்டு மேசையில் விரித்து வைத்துப் பேனாவை நீட்டினார்.

"நான்தான் வெட்டிட்டேன். தப்பு என்னோடதுதான். வாசல்ல யாரு நின்னான்னு மட்டுமாவது எழுதிடேன்."

அவள் அந்தப் பக்கத்தை நின்றபடியே படித்தாள். இரண்டு தடவை படித்தாள்.

"ஞாபகம் இல்லீங்க."

"கொஞ்சம் யோசிச்சுப் பாரு."

"யோசிச்சாச்சு." விளிம்பில் ஒட்டியிருந்த வெள்ளைப் பட்டையை விரலால் தடவினாள். "அன்னிக்கு உங்ககிட்ட தைக்கக் குடுத்ததே, ஒரு பக்கமாவது படிச்சுட்டு யாரு நின்னதுன்னு வந்து கேப்பீங்கன்னுதான். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். மீதிக் கதையையும் எழுதியிருப்பேன்."