சரோஜாக்கா கையெழுத்துப் போடாத டீ-சர்ட்

சரோஜாக்கா போய்விட்டார். இன்று காலை, பொங்கலூரில், தன் வீட்டிலேயே... மாரடைப்பு என்கிறார்கள்.

மதியம் எடுக்கிறார்களாம். பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் ஒன்றாக வேலை பார்த்தோம். அக்கா செக்கிங் சூப்பர்வைசர், நான் மெர்ச்சண்டைசர். தைத்து வரும் பீஸ் தேறுமா தேறாதா என்று சொல்வது அவர் வேலை. எப்படியாவது லாரி ஏற்றிவிடுவது என் வேலை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பதிவில் கிரிக்கெட் வரும். "காசும் பகட்டும் வந்து கிரிக்கெட்டே கெட்டுப்போச்சு" என்று யாராவது கமெண்ட்டில் ஒப்பாரி வைத்தால் பிளாக்தான். அக்காவிடம் அப்படிப் பேசியவர்கள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

2008. இருபது ஓவர் லீக் வந்த முதல் வருடம். ஆட்டக்காரர்களை ஏலம் விட்ட செய்தியை டிவியில் பார்த்துவிட்டு வந்து அக்கா கேண்டீனில் அப்படிச் சிரித்தார்.

"ஏனுங்க தம்பி, சந்தையில மாட்டுக்கே பல்லைப் புடிச்சுப் பாத்துட்டுத்தான் வெலை பேசுவாங்க. இவிங்க பேரைப் படிச்சதுமே கையைத் தூக்கறாங்களே!"

கிண்டல் செய்தாரே தவிர ஒரு மேட்ச் விட்டதில்லை. அதுவரை பகலில் நடந்த ஆட்டமெல்லாம் எங்களுக்கு மறுநாள் பேப்பரில்தான். இந்த லீக்கில் ஆட்டம் ராத்திரியில், ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போனாலும் பாதி ஆட்டமாவது கிடைத்தது. "நம்ம நேரத்துக்கு ஆடறாங்க, அது போதுமுங்க" என்பார்.

பவுண்டரி அடித்தால் மைதான ஓரத்தில் ஆடுவார்களே சில பெண்கள்... அவர்களைப் பற்றி அயர்ன் செக்‌ஷன் ஆட்கள் ஒருநாள் அசிங்கமாக ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அக்கா டீ டம்ளரை டொக்கென்று வைத்தார்.

"அந்தப் புள்ளைகளும் நம்மளாட்டம் ஷிப்ட்தான் பாக்குறாங்க. நின்னுட்டே வேலை, அதுலயும் சிரிச்சுட்டே வேலை. வாயை மூடிட்டுப் போய் அயர்ன் பொட்டியப் புடிங்க."

போனார்கள். பிறகு அவர் இருக்கும்போது அந்தப் பேச்சே கிடையாது.

அடுத்த வருடம் ரசிகர்களுக்கான டீ-சர்ட் ஆர்டர் எங்கள் கம்பெனிக்கே வந்தது. அதுவும் அக்காவின் டீம்! முதல் பீஸ் வந்த அன்று அதைத் தோளில் போட்டுக்கொண்டு லைன் லைனாகக் காட்டிவிட்டு வந்தார்.

சிவப்பு உடம்பு, வெள்ளைக் கை. நெஞ்சில் ஒரு விளம்பரம், தோளில் ஒன்று, முதுகில் ஒன்று. டீம் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆர்டர் கொடுத்த பார்ட்டி அனுப்பிய ஆள் ஸ்கேலை எடுத்து நெஞ்சு விளம்பரத்தை மட்டும் அளந்தார். மில்லிமீட்டர் பிசகவில்லை. ஓகே சொல்லிவிட்டார்.

அக்கா ஒரு வெள்ளை வேஸ்ட் துணியை நனைத்து, சிவப்பின் மேல் நாலு தேய் தேய்த்தார். துணி முழுக்க சிவப்பு.

"சாயம் நிக்கலீங்க. மொதத் துவைப்புலயே வெள்ளைக் கை செவந்து போயிரும். இந்த லாட்டை நான் பாஸ் பண்ண மாட்டேனுங்க."

லாரி கேட்டில் நிற்கிறது. போகாவிட்டால் ஆர்டர் கேன்சல். முதலாளி கத்தினார். நான் கெஞ்சினேன்... "விடுங்கக்கா, மேட்ச் அன்னிக்குப் போட்டுட்டுத் தூக்கிப் போடற ரசிகர் சட்டைதானுங்க."

"அந்த ரசிகர் நாந்தானுங்க தம்பி" என்றார். "ஒண்ணு வாங்கினா அஞ்சு வருசம் போடுவேன்."

செக்கிங் ரிப்போர்ட்டைக் கையெழுத்துப் போடாமலே மேஜையில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். அன்றைக்கே சூப்பர்வைசர் வேலை போயிற்று. நூல் பிசிறு வெட்டும் வரிசையில் கொண்டுபோய் நிற்க வைத்தார்கள். கத்திரியை வாங்கிக்கொண்டு தலை நிமிர்ந்துதான் போய் நின்றார். மறுநாள் முந்தின நாள் மேட்சைப் பற்றி என்னிடம் எப்போதும் போலப் பேசினார்.

என்னால்தான் முகம் பார்த்துப் பேச முடியவில்லை. ஏனென்றால் அந்த ரிப்போர்ட்டில் அவருக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட்டு லாரியை அனுப்பியவன் நான். அக்காவுக்கு அது தெரியும். ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

அந்தக் கம்பெனி ஆட்கள் சிலர் என் பிரெண்ட்ஸ் லிஸ்ட்டில் இருக்கிறீர்கள். படித்துக்கொள்ளுங்கள். போன் போட்டு டெலீட் பண்ணச் சொல்ல வேண்டாம்... பண்ண மாட்டேன்.

பொங்கலூர் ஸ்டாப் வந்துவிட்டது.

போய் வாங்கக்கா. அந்த லாட் ரிஜெக்ட்தானுங்க.