ஏழாளு பெட்டிக்குள் வைத்த மச்சான்

‘ஏழாளு’ என்ற பெயரைத் தையல்காரி முதன்முதலாகக் கேட்டது மளிகைக் கடையில். சர்க்கரைக்காகக் காத்து நின்றிருந்தாள். பக்கத்தில் வந்து நின்ற ஒரு பெண், "ஏழாளு வீடு எந்தப் பக்கம்? கீபோர்டு வாசிப்பாரே, அவரு வீடு" என்று கடைக்காரரிடம் கேட்டாள். கடைக்காரர் வாயைத் திறக்காமல், காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துத் தையல்காரியைக் காட்டினார். தன் புருஷனுக்கு இப்படி ஒரு பெயர் விழுந்து, தனக்குத் தெரியாமல் தெருத்தெருவாகச் சுற்றியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. பெயரை வைத்தவன் யாரென்று விசாரித்தால், அவளோடு கூடப்பிறந்த தம்பி.

கல்யாணமான புதிதிலிருந்தே அவருக்கு ஏழு பேர் கொண்ட கச்சேரிக் குழு இருந்தது. கீபோர்டு அவர். கிட்டார் அவருடைய பெரியப்பாவின் மூத்த மகன். தபலா அந்தக் கிட்டார்காரரின் தங்கையைக் கட்டியவர். அந்தக் கல்யாணப் பந்தியில் நடந்த சண்டை தனிக் கதை, அதை இங்கே இழுத்தால் முடியாது. டிரம்ஸ் தையல்காரியின் தம்பி. மற்ற மூன்று பேர் வெளியாட்கள். பாடுகிறவர்கள் அந்தந்தக் கச்சேரிக்கு வந்து போவார்கள். ஏழு பேரையும் ஒரு வேனில் ஏற்றி இறக்குவதற்குள் அவருக்குப் பாதி உயிர் போய்விடும். ஒருவனுக்கு ஜன்னலோரம் வேண்டும், இன்னொருவனுக்கு வழியில் வாந்தி வரும், மூன்றாமவன் கிளம்புகிற நேரத்தில்தான் முடிவெட்டப் போயிருப்பான்.

அப்படி இருக்கையில்தான் அந்தப் புதுக் கீபோர்டு வீட்டுக்கு வந்தது. இடது கையால் இரண்டு மூன்று கட்டைகளை அழுத்தினால் போதும். டிரம்ஸ், பேஸ், கிட்டார், வயலின் என்று ஒரு கூட்டமே தானாகச் சேர்ந்துகொள்ளும். கட்டையை மாற்றினால் கூட்டமும் கூடவே மாறும். வலது கையால் பாட்டை வாசித்தால் கச்சேரி முடிந்தது. இடது கையை எடுத்துவிட்டாலும் அது நிற்காது; கடைசியாக அழுத்தியதையே பிடித்துக்கொண்டு ஓடும். ஒருமுறை மேடையில் டீ வந்ததென்று அவர் கையை எடுத்துவிட்டு ஆற்றிக் குடித்திருக்கிறார். பெட்டி அதுபாட்டுக்கு ஒரே இடத்தில் நின்று அடித்துக்கொண்டிருக்க, பாடுகிற அம்மாள் அடுத்த வரிக்குப் போக வழியில்லாமல் ஒரே வரியை ஐந்து தடவை பாடினாளாம்.

பெட்டிக்குள் நூற்றுக்கணக்கில் தாளங்கள் இருந்தன. ஆனால் எல்லாம் எங்கோ செய்தவை. நம் பாட்டுக்குப் போட்டால் கடன் வாங்கிய சட்டை மாதிரி தோளில் தொங்கும், கையில் இறுக்கும். அதனால் ஒரு நாள் அவர் தம்பியைக் கூப்பிட்டார்.

"மச்சான், இதுல கட்டையைத் தட்டினா டிரம்ஸ் சத்தம் வருது பாரு. சும்மா உன் அடியைக் கொஞ்சம் வாசி, எப்படி இருக்குன்னு பாப்போம்" என்றார்.

அவனும் விளையாட்டாக உட்கார்ந்தான். இரண்டு ஆள்காட்டி விரலாலும் மூன்று மணி நேரம் தட்டினான். மெதுவான அடி, துள்ளல் அடி, பல்லவியிலிருந்து சரணத்துக்குப் போகும்போது அவன் மட்டும் போடுகிற அந்த உருட்டல் எல்லாம் போட்டான். அக்கா கையால் இரண்டு டீ குடித்தான். பெட்டி எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டது. அவர் அவற்றுக்கு ‘மச்சான் 1’, ‘மச்சான் 2’ என்று பெயர் போட்டுத் திரையில் காட்டினார். தம்பிக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த மாதம் ஆறு பேருக்கும் இனி வேலை இல்லை என்று ஆகிவிட்டது.

அதையாவது அவன் பொறுத்திருப்பான். ஒரு கல்யாணத்துக்கு விருந்தாளியாகப் போன இடத்தில், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒலிபெருக்கியில் அவன் உருட்டல் கேட்டிருக்கிறது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்து மேடையைப் பார்த்தால், அத்தான் மட்டும் தனியாக நிற்கிறார். அன்றைக்கு வீட்டு வாசலில் நின்று, உள்ளே வராமலே அக்காளிடம் சொன்னான்: "என் கை என்னைக் கூப்பிடாம கச்சேரிக்குப் போயிருக்குக்கா."

அதோடு சரி. ஏழு பேர் வேலையை ஒரே ஆளாகப் பார்க்கிறவர் என்று அத்தானுக்கு ‘ஏழாளு’ பட்டம் கட்டிவிட்டு, நாலு வருஷம் அவன் வாசல்படி ஏறவில்லை. அம்மா கொடுத்தனுப்பிய பையைக்கூட கேட்டில் மாட்டிவிட்டு மணியடித்துவிட்டுப் போவான். தையல்காரி கதவைத் திறந்துகொண்டு ஓடி வருவதற்குள் சைக்கிள் முனை திரும்பியிருக்கும். அவளுக்கு இருக்கிற ஒரே கூடப்பிறப்பு. புருஷனிடம் சொன்னால், "நான் என்ன, வராதேன்னா சொன்னேன்?" என்பார். தம்பியிடம் சொல்லியனுப்பினால், "அதான் பெட்டிக்குள்ள என்னை வச்சிருக்காருல்ல, பாத்துக்கோ" என்று பதில் வரும். இரண்டு பேருக்கும் நடுவில் அவள் மண்டைதான் உடைந்தது. தினமும் காலையில் முன்னறையில் அவள் தையல் மிஷினை மிதிக்க, அவர் ‘மச்சான் 1’ஐ ஓட விட்டுப் பழக, ஆளில்லாத தம்பி அவள் காது பக்கத்தில் உட்கார்ந்து அடித்துக்கொண்டே இருப்பான்.

அந்த முன்னறையில் சமமாக இருக்கிற இடம் இரண்டே இரண்டு. ஒன்று வெட்டுகிற மேசை, இன்னொன்று கீபோர்டு. மேசை எப்போதும் நிறைந்திருக்கும். ஒரு திங்கட்கிழமை தைத்து இஸ்திரி போட்ட சட்டைகளை அடுக்கி, துணி மூடியிருந்த கீபோர்டின் வலது ஓரத்தில் வைத்தாள். அவர் குளித்துவிட்டு வந்து, அடுக்கைக் கவனிக்காமல் சுவிட்சைத் தட்டினார். திரையில் ஏதோ எழுத்து ஓடி மறைந்தது. பிறகு ‘மச்சான் 1’ஐத் தேடினால் இல்லை. ‘மச்சான் 2’உம் இல்லை. நாலு வருஷமாகச் சேர்த்து வைத்த அத்தனையும் போய், கடையிலிருந்து வந்த அன்றைக்கு இருந்த மாதிரி பெட்டி பளிச்சென்று நின்றது.

ரிப்பேர்க்காரர் வந்து பார்த்தார். கடைசி வெள்ளைக் கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு சுவிட்சைப் போட்டால், உள்ளே நாம் வைத்ததெல்லாம் அழிந்துவிடும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள் என்றார். வேறெங்காவது பிரதி எடுத்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். அதற்கென்று பெட்டியோடு ஒரு பென்டிரைவ் வந்தது. தொலைந்துவிடக் கூடாதென்று அவர் அதைப் பத்திரமாகத் தையல்காரியின் பட்டன் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். அது இன்னும் உறை பிரிக்காமல் அங்கேயே கிடந்தது.

ரிப்பேர்க்காரர் படியிறங்கியதும் சண்டை தொடங்கியது. கீபோர்டு மேல் துணி வைக்காதே என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்றார் அவர். தடவைக் கணக்கில் அவர் பக்கம்தான் நியாயம். அது அவளுக்கும் தெரியும். அதனால் பென்டிரைவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அவர், அப்போதே போய்விட்ட ரிப்பேர்க்காரரை வழியனுப்ப வாசலுக்குப் போனார்.

சனிக்கிழமை ஒரு பம்ப் கம்பெனியின் ஆண்டுவிழா. பாட வருகிற அம்மாள் செவ்வாய்க்கிழமை ஒத்திகைக்கு வந்து, பெட்டியின் சொந்தத் தாளத்தில் இரண்டு பாட்டுப் பாடிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது யாரோ முன்னாடி போறவங்களை நான் துரத்திக்கிட்டே போற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவரே தட்டிப் பதிந்து பார்த்தார். எவர்சில்வர் தட்டைத் தூக்கிக்கொண்டு யாரோ மாடிப்படியில் உருண்டு விழுகிற சத்தம் வந்தது. பன்னிரண்டு தடவை பதிந்தார். பன்னிரண்டு தடவையும் விழுந்தார்கள்.

புதன்கிழமை காலை, துணி நறுக்கிக்கொண்டிருந்தவளிடம் வந்து நின்றார்.

"இந்தா, உன் தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப் பாரேன். வந்து ஒரு மணி நேரம் தட்டிட்டுப் போயிடட்டும்."

கத்தரிக்கோல் நிற்கவில்லை. "நாலு வருஷமா நான் சொன்னப்ப உங்களுக்குக் காது கேக்கல. இப்ப எனக்குக் கேக்கல" என்றாள்.

"நான் போனா என்னை மதிப்பானா?"

"மதிக்க மாட்டான். போங்க."

மூக்கு நுனியில் வியர்க்க நின்றார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. இந்தச் சந்தர்ப்பத்தை விட்டால் தம்பி இனி இந்த ஜென்மத்தில் படியேற மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். தானே போய்ப் பேசினால் அவன் தனக்காக வருவான், தட்டிக் கொடுப்பான், திரும்பவும் பெட்டிக்குள் போய்விடுவான், திரும்பவும் கேட்டில் பை தொங்கும். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோபத்தில் ஒரு முழுக்கைச் சட்டைக்கு இரண்டு கையும் இடதாகவே வெட்டிவிட்டு, அதற்கும் சேர்த்து அவரை மனசுக்குள் திட்டினாள்.

வியாழக்கிழமை அவர் சட்டை மாற்றிக்கொண்டு வந்து, தனியாகப் போக வெட்கமாக இருக்கிறது, நீ வாயைத் திறக்க வேண்டாம், கூட மட்டும் வா என்றார். சரியென்று போனாள்.

தம்பி இப்போது கார்களுக்கு ஒடுக்கெடுக்கிற பட்டறையில் இருந்தான். நசுங்கிய கதவு ஒன்றை மடியில் சாய்த்து வைத்துச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தான். அத்தானைப் பார்த்தும் தட்டுவதை நிறுத்தவில்லை. அவரும் அவசரப்படாமல் நின்றார். தகரத்தில் விழுந்த அடி ‘மச்சான் 1’ தான். கொஞ்சம் வேகம் கூடியிருந்தது. தையல்காரிக்குச் சிரிப்பு வந்தது, முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"அழிஞ்சு போச்சு மச்சான்" என்றார் அவர் கடைசியில்.

"எது?"

"நீ அடிச்சது. எல்லாம்."

சுத்தியல் நின்றது. "யார் அழிச்சது?"

அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் வானத்தைப் பார்த்தாள். "என் கைதான்" என்றார் அவர். பொய்யென்றும் சொல்ல முடியாது, சுவிட்சைத் தட்டியது அவர்தானே.

தம்பி கதவைக் கீழே வைத்தான். "பதியறதுக்கு வரமாட்டேன் அத்தான். என்னை ஒருதரம் டப்பால அடைச்சது போதும். அடிக்கிறதுக்குன்னா வர்றேன். என் செட்டு பரண்ல அப்படியே இருக்கு. நான் உக்காந்து அடிப்பேன், நீங்க வாசிங்க."

"அதுல டிரம்ஸ் இருக்கேடா."

"அதை மட்டும் வாயை மூடச் சொல்ல முடியாதா?"

முடியும். அதற்கென்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் டிரம்ஸ் மட்டும் அடங்கி, மற்றதெல்லாம் ஓடும். நாலு வருஷத்தில் அவர் அதை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. அவர் அதைச் சொல்வதற்குள், வாயைத் திறக்க வேண்டாமென்று சொல்லப்பட்டவள் திறந்தாள். "சாயங்காலம் அஞ்சு மணிக்கு வீட்டுக்கு வாடா. ஒத்திகை."

அஞ்சு மணிக்கு ஆட்டோவில் டிரம்ஸ் வந்தது. அவன் செருப்பைக் கழற்றிவிட்டு, நேற்றும் வந்துபோனவன் மாதிரி உள்ளே நுழைந்து, செட்டை வைக்க இடமில்லையே என்று அவள் வெட்டுமேசையைச் சுவரோரம் தள்ளினான். குடிக்கத் தண்ணீர் கேட்டான். அவள் சமையலறைக்குள் போய்ச் செம்பில் தண்ணீரை மொண்டு, அது வழிந்து கையெல்லாம் நனைந்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

வெளியே வருவதற்குள் அடுத்த சண்டை. பெட்டிக்கு வேகம் ஒன்றுதான். நூறு என்று வைத்தால் நூறிலேயே சாகும். தம்பி மனுஷன், சரணத்துக்குப் போனால் குஷியில் வேகம் கூடும், முடிகிற இடத்தில் கொஞ்சம் இழுத்து விடுவான். பெட்டியின் பேஸும் வயலினும் ஒரு பக்கம் போக, இவன் இன்னொரு பக்கம் போனான்.

"நீ ஓடுற."

"அது படுத்துக்கிடக்கு."

"மெஷின் தப்புப் பண்ணாதுடா."

"அப்ப அதையே கூட்டிட்டு வந்து என் அக்காவைக் கட்டிவச்சிருக்கலாம்."

இரவுச் சாப்பாடு வரைக்கும் இதுதான். கடைசியில் அவர்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். பெட்டியில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பொத்தான்கள் இரண்டு உண்டு. மச்சான் முகத்தைப் பார்த்துக்கொண்டே, அவன் ஓடினால் கூட்டி, இழுத்தால் குறைத்து, கட்டைக்கும் பொத்தானுக்குமாக இடது கையை மாற்றி மாற்றி வைத்துச் சமாளித்தார். சனிக்கிழமை பம்ப் கம்பெனி விழாவில் ஆறு பாட்டு அப்படித்தான் போனது. ஏழாவதில் விரல் தவறிப் பெட்டி தனியாக ஓடிப்போய்விட்டது. டிரம்ஸும் பாடுகிற அம்மாளும் மட்டும் முடித்து வைத்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அதற்கும் கைதட்டினார்கள்.

தையல்காரி கேட்டது கிடைத்தது. தம்பி இப்போது ஞாயிறு தவறாமல் வருகிறான், கூப்பிடாத நாட்களிலும் வருகிறான். டிரம்ஸ் முன்னறையை விட்டுப் போகவில்லை. அவள் படுக்கையறைக் கட்டிலில் வைத்துத் துணி வெட்டுகிறாள். இஸ்திரி போட்ட சட்டைகளைக் கீபோர்டு மேல் வைப்பதில்லை, பெரிய டிரம் மேல் வைக்கிறாள். அதற்குத் தம்பி கத்துகிறான். பென்டிரைவின் உறையை இன்னும் யாரும் பிரிக்கவில்லை.

ஏழாளுக்கு அறுபத்திரண்டு வயதாகிறது. ஆள் இரண்டாகியும் பெயர் மாறவில்லை. இந்த நேரத்துக்கு முன்னறையில்தான் இருப்பார். இடது கை விரலை வேகப் பொத்தான் மேல் வைத்துக்கொண்டு, நீதான் ஓடுகிறாய் என்று மச்சானோடு வாதாடிக்கொண்டிருப்பார்.